கதவைப் பார்த்து உட்காருகிறவர்

எந்தச் சங்கத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். யூதர்களின் ஜெபக்கூடம், மாதாகோவில், மசூதி, முதியோர் மன்றம், ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடம், எதுவானாலும் சரி. கூட்டம் நடக்கும்போது எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைச் சுவருக்குக் கொடுத்து, கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த இனத்துக்குப் பாதுகாப்புக் குழுத் தலைவர் என்று பெயர். குழுவில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

கல்யாணத்தில் நீங்களும் நானும் மணப்பெண்ணைப் பார்ப்போம். அவர் கூடத்துக்கு எத்தனை வழி என்று பார்ப்பார். அடக்கத்தில் பெட்டியை இறக்கும்போது எல்லோரும் தலை குனிந்திருக்க, அவர் மட்டும் வேலிக்கு வெளியே நிற்கும் காரின் எண்ணைப் படித்துக்கொண்டிருப்பார். குழந்தைக்குப் பெயர் வைக்கிற விழாவுக்குக் கூப்பிட்டால் குழந்தையின் பெயரைக் கேட்பதற்கு முன் வீட்டின் பின்வாசலைப் பற்றிக் கேட்பார். "பயமுறுத்தணும்னு சொல்லலை" என்று ஆரம்பிப்பார். பிறகு பயமுறுத்துவார். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க" என்று முடிப்பார்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நானும் செய்தி பார்க்கிறவள்தான். எங்களைப் போன்ற ஒரு ஜெபக்கூடத்தில் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்த செய்தி வந்த வாரம், சமையலறையில் வெங்காயம் நறுக்காமலே அழுதேன். ஆனால் பயப்படுகிறவர் வேறு, பயத்துக்குத் தலைவராக இருப்பவர் வேறு.

எங்கள் தலைவர் டாக்டர் இர்வின் ஸாஸ்லோ. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஏரிக்கரையை ஒட்டி, இரும்பு ஆலை மூடியபின் பாதி காலியாகிப்போன ஊர் எங்களுடையது. ஊரைப் போலவே எங்கள் யூத ஜெபக்கூடமும் பாதி காலி. ஸாஸ்லோ முன்பு பல் டாக்டர். ஓய்வு பெற்றாலும் குணம் போகவில்லை. ஊரார் பல்லில் ஓட்டை தேடிய அதே கண்ணால் இப்போது கட்டடத்தில் ஓட்டை தேடுகிறார். சிறு டார்ச் விளக்கை ஜன்னல் இடுக்கில் அடித்துப் பார்த்து, நாக்கைத் தட்டி, "ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டீங்க" என்பார். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட எவருக்கும் அந்தக் குரலைக் கேட்டால் தானாக வாய் திறக்கும்.

இப்படி ஒருவர் கையில் அரசாங்கம் மானியம் என்ற ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்?

விஷயம் எளிதுதான். லாப நோக்கமில்லாத அமைப்புகள் தீவிரவாதத் தாக்குதலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள, கதவு, கேமரா, வாசலில் காங்கிரீட் தூண் இவற்றுக்கெல்லாம் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவர்கள் ஏராளம், பணம் கொஞ்சம். ஆகவே யாருக்கு ஆபத்து அதிகம் என்று காட்டுகிறார்களோ அவர்களுக்கே முதலிடம். ஸாஸ்லோவுக்கு அங்கேதான் இடித்தது. எங்களை யாரும் மிரட்டியதில்லை. எங்கள் ஊரில் எங்களை யாருக்கும் ஞாபகமே இல்லை.

அதற்காக அவர் சும்மா இருப்பாரா? வீடு வீடாகப் போய், உங்களை யாராவது வெறுத்தார்களா என்று விசாரித்தார். ஆணிக்கடை வைத்திருந்த மெண்டல் கிராவெட்ஸ், தன் மைத்துனன் கணக்கில் வருவானா என்று கேட்டார். இதற்கிடையே நெடுஞ்சாலை மசூதிக்கு மிரட்டல் போன் வந்துவிட்ட செய்தி தெரிந்தது. ஸாஸ்லோ இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவங்களுக்குப் போனே வந்திருக்கு, ரிவா," என்றார் என்னிடம். குரலில் இருந்தது அனுதாபமா பொறாமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அவரே மசூதிக்கு ஆறுதல் சொல்லப் போனார். அங்கேயும் ஒருவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இருவரும் தேநீர் குடித்தபடி மாலை முழுவதும் பூட்டுகளைப் பற்றிப் பேசிவிட்டு, பிரிய மனமில்லாமல் பிரிந்தார்கள். இவ்வளவு மதநல்லிணக்கத்தை எங்கள் மதகுருவான ரபீ பத்து வருஷம் பிரசங்கம் செய்தும் கொண்டுவர முடியவில்லை.

கடைசியில் ஸாஸ்லோவுக்கும் ஓர் ஆபத்து கிடைத்தது. தினமும் காலையில் ஹூடி அணிந்த, தாடி வைத்த, கழுத்தில் பச்சை குத்திய ஒருவன் எதிர்ப்பக்கம் நின்று எங்கள் கட்டடத்தையே பார்க்கிறான் என்று கண்டுபிடித்தார். அவன் கையில் கயிறும், கயிற்றின் முனையில் எங்கள் வேலியில் காலைத் தூக்கும் குட்டை நாயும் இருந்ததை அவர் முக்கியமாகக் கருதவில்லை. படம் எடுத்து, சந்தேகத்துக்குரிய நபர் என்று எழுதி அனுப்பினார். மானியம் வந்தது. அவனால்தான் வந்தது என்பது ஸாஸ்லோவின் கணிப்பு.

கதவும் வந்தது. அடடா, என்ன கதவு. குண்டு துளைக்காது, கோடரி பிளக்காது, குரல் நுழையாது. வெளியே சாவித்துவாரமே கிடையாது. வருகிறவர் மணியை அழுத்த வேண்டும், உள்ளே திரையில் முகம் தெரியும், தெரிந்த முகமானால் உள்ளிருந்து தள்ளித் திறப்பார்கள். திரைக்குப் பக்கத்தில் நாய்க்காரன் படத்தை ஒட்டி, இவன் வந்தால் திறக்காதே என்று சிவப்பு மையில் எழுதினார். திரையைப் பார்க்கும் வேலைக்கு லெனி பாட்கினை நியமித்தார். லெனி சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். இப்படிப்பட்ட மனிதர்களைக் கண்டால் தலைவர்களுக்கு உயிர்.

செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தார்கள். பிரமாதம். புதனும் பிரமாதம். அப்புறம் சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள். நாங்கள் மின்விசையைத் தொடமாட்டோம். விளக்கு போடமாட்டோம், மணி அழுத்தமாட்டோம். ஜெபக்கூடத்துக்கு ஆட்கள் வருகிற நாளே அதுதான். ஆக, வாரத்தில் ஆறு நாள் யாரும் வராத கட்டடத்துக்கு யார் வேண்டுமானாலும் மணியடித்து வரலாம். எல்லோரும் வருகிற ஒரு நாளில் ஒருவரும் வர முடியாது. டாக்டர், ஆலோசகர், ஒப்பந்தக்காரர் இத்தனை பேர் கூடிச் செய்த ஏற்பாடு இது.

நாங்கள் என்ன செய்தோம்? நான் சமையலறையிலிருந்து பெரிய சூரை மீன் டின் ஒன்றைக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் வைத்தேன். கதவு திறந்தே நின்றது, எல்லோரும் வந்தார்கள். அரசாங்கம் பணம் போட்ட கதவை வசந்தகாலம் முழுவதும் மீன் டின்தான் காவல் காத்தது. ஒருநாள் ஸாஸ்லோ அதைப் பார்த்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இது கதவா, இல்ல சொத்தைப் பல்லா?" என்று கேட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இனி பிரார்த்தனை தொடங்கியதும் கதவை மூடிவிட வேண்டும், தாமதமாக வருகிறவர்கள் வீட்டிலேயே பிரார்த்தனை செய்துகொள்ளலாம் என்று ஆணை பிறந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பெர்னிஸின் முதல் நினைவுநாள்.

பெர்னிஸ், மெண்டலின் மனைவி. எனக்குச் சமையலறைத் தோழி. இருபத்தைந்து வருஷம் ஒரே அடுப்பில், வெள்ளிக்கிழமையே ஏற்றிவிடும் சோலண்ட் குழம்பை வைத்தோம். உப்பு போதாது என்பாள், நான் போதும் என்பேன், அவள் எனக்குத் தெரியாமல் இன்னொரு பிடி போடுவாள். அவளை நினைக்காமல் எனக்கு அந்தக் குழம்பு ருசிப்பதில்லை. நினைவுநாளில் கணவன் கடிஷ் என்ற பிரார்த்தனையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். நாங்கள் ஆறு பெண்கள் வந்திருந்தோம். எங்கள் கூடத்து வழக்கப்படி நாங்கள் கணக்கில் இல்லை. சோலண்ட் மட்டும் கணக்கில் உண்டு.

அன்று பத்து ஆண்கள் இருந்தார்கள். சரியாகப் பத்து. பிரார்த்தனை நடுவில் ஸாஸ்லோ எழுந்து, வெளியே ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவர் எப்போதும் போகிறதுதான். ஆனால் முன்பெல்லாம் டின் இருந்தது. இப்போது அவருக்குப் பின்னால் கதவு மென்மையாக, அழகாக, விலைக்குத் தகுந்தபடி சாத்திக்கொண்டது.

உள்ளே ஒன்பது பேர். மெண்டல் கையில் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார். ரபீ ஒரு பாட்டை இழுத்தார், இன்னும் இழுத்தார். வெளியே ஸாஸ்லோ இரண்டு கையாலும் கதவைக் குத்திக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? குரல் நுழையாத கதவல்லவா?

அடுத்து நடந்ததை அந்த நாய்க்காரரே எனக்குப் பிறகு சொன்னார். அவர் பெயர் டிராவிஸ். எதிர்ச்சந்தில் குடியிருக்கிறார், கூரை போடும் வேலை. ஸாஸ்லோ அவரைப் பார்த்ததும் பின்வாங்கி, யோசித்து, மறுபடி முன்னால் வந்திருக்கிறார். ஓய்வுநாளில் வேற்று மதத்தாரிடம் இதைச் செய் என்று நாங்கள் கேட்கக்கூடாது. ஜாடையாகச் சொல்லலாம், அவராகப் புரிந்துகொண்டு செய்தால் நல்லது.

"கதவு மூடியிருக்கு," என்றார் ஸாஸ்லோ.

"ஆமா சார், தெரியுது."

"உள்ள ஆளுங்க எனக்காகக் காத்திருக்காங்க."

"அப்ப உள்ள போங்களேன்."

"அங்க சுவத்துல ஒரு மணி இருக்கு. நல்ல மணி."

"அழகாத்தான் இருக்கு."

"சில பேரு சில நாள்ல அதை அழுத்த மாட்டாங்க. வேற சில பேரு எந்த நாளும் அழுத்தலாம்."

டிராவிஸ் நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. "உடம்பு சரியில்லையா சார்? நான் வேணா மணியடிச்சு யாரையாவது கூப்பிடட்டுமா?"

"நான் கேக்கலை," என்றார் ஸாஸ்லோ. "தடுக்கவும் மாட்டேன்."

மணி அடித்தது. லெனி ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். திரை நிறைய டிராவிஸின் தாடி. பக்கத்தில் ஒட்டிய படத்தில், சிவப்பு மைக்கு மேலே, அதே தாடி. தாடிக்குப் பின்னால் ஸாஸ்லோ, முகம் வெளுத்து, இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

லெனி கூடத்துக்கு வந்து, டாக்டரே நடத்திய பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சத்தம் போடாமல் சொன்னார்: "டாக்டரைப் பிடிச்சுட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்சிப்படி எல்லோரும் சமையலறைக்குள் போய், சுவரோரமாக நெருக்கியடித்துத் தரையில் உட்கார்ந்தோம். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளிலும் போன் செய்யலாம், ஆனால் ஓய்வுநாளில் யார் பையிலும் போன் கிடையாது, இருந்த ஒரே போன் அலுவலக அறையில். அந்த அறைச் சாவியோ ஸாஸ்லோவின் இடுப்பு வாரில். அந்த நெரிசலிலும் ரபீ உதவிக்கு ஆளனுப்ப ஏதாவது வழி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மெண்டல் என் பக்கத்தில் இருந்தார். தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை.

"ரிவா, நேரம் போயிடுச்சுன்னா பெர்னிஸுக்குக் கடிஷ் யாரு சொல்லுவா?" என்றார்.

அதைக் கேட்டபின் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பின்ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்திருந்த ஸாஸ்லோ, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். நாய் அவர் செருப்பை நக்கிக்கொண்டிருந்தது. டிராவிஸ் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறையின் பின்கதவைத் தோளால் லேசாகத் தூக்கித் தள்ளினேன், திறந்துகொண்டது. அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்கும் பெர்னிஸுக்கும் தெரியும். கூரையிலிருந்து நிலவறைவரை டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், சமையலறைப் பக்கம் மட்டும் வந்ததில்லை.

ஸாஸ்லோ எழுந்து வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"இது பூட்டவே இல்லையா? இத்தனை நாளும்?"

"இர்வின்," என்றார் மெண்டல், தரையிலிருந்து கையூன்றி எழுந்தபடி. "உள்ள வந்து நில்லு. நீதான் பத்தாவது ஆளு."

மறுபடி கூடத்துக்குப் போக யாரும் நினைக்கவில்லை. அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில், சோலண்ட் கொதிக்கிற வாசனையில் பத்துப் பேர் நின்றார்கள். மெண்டல் கடிஷ் சொன்னார், முதல் வரியில் மட்டும் குரல் உடைந்தது. டிராவிஸ் வாசற்படியில் ஹூடியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றார். நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஸாஸ்லோவும் சொன்னார், கண் மட்டும் அந்தத் திறந்த கதவின்மேல்.

இதில் அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் போயாகிவிட்டது. ஓய்வுநாளில் பாதுகாப்பற்ற சமையலறைக் கதவு வழியாக அடையாளம் தெரியாத நபர் உள்ளே வந்ததாக எழுதியிருக்கிறார். அந்த நபர் இரண்டு தட்டு சோலண்ட் சாப்பிட்டுவிட்டு உப்பு கொஞ்சம் போதாது என்று சொன்னதை எழுதவில்லை. இப்போது டிராவிஸ் சனிக்கிழமைதோறும் வருகிறார். முன்வாசலில் ஸாஸ்லோவே அவரை நிறுத்தி, பையில் என்ன என்று கேட்டு, நாய்பிஸ்கட் என்று தெரிந்து உள்ளே விடுகிறார்.

உங்கள் ஊரில் இப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். உங்கள் குடியிருப்பு வாசலில் கேமரா இருக்கிறது, காவலாளி இருக்கிறார், பெயர் எழுதாமல் பால்காரர்கூட உள்ளே வர முடியாது, அதில் தவறொன்றும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது மணிச்சத்தம் கேட்டதே, யாரென்று திரையில் பார்த்துவிட்டு மறுபடி படிக்க உட்கார்ந்துவிட்டீர்களே, அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாரா?