சில்லுவீடும் இரண்டு கோழிக்கூடும்

கரம்பொன்,
26.04.1990
இரவு, எல்லாரும் படுத்த பிறகு

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நாகபூசணி எழுதுவது. இங்கே மாமாவும் மாமியும் இவரும் நானும் சுகம். பிள்ளை துவாரகன் அரைச் சுகம். அங்கே நீங்களும் இராசேஸ்வரி அக்காவும், வயலும் மாடுகளும், அக்காவின் முழங்காலும் நலமாக இருக்க அம்மன் துணை நிற்பா.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமா அதை எல்லாருக்கும் கேட்க உரத்து வாசித்தார். மூன்றாம் பந்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை மட்டும் இன்னொருதரம் வாசித்தார். "சில்லுவீட்டில் இடம் காணாதென்றால் கவலை வேண்டாம். சாமான்களை உள்ளே ஏற்றிவிட்டு ஆட்களை வெளியில் கட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அந்தப் பந்தியில் நீங்கள் எழுதியிருந்த பகிடிக்கு மாமி சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டம் கவிழ்ந்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பகிடிக்குப் பதில் எழுதத்தான் இந்த நேரத்தில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு இருக்கிறேன்.

அத்தான், இவருக்கு வன்னியில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்ததும், அங்கே மாஸ்ரர்மாரின் குவாட்டசின் கூரை போன மழையோடு இடிந்து இருந்துவிட்டதும் நீங்கள் அறிந்ததே. கூரை போடும்வரை உங்கள் வளவில் வேம்புக்குக் கீழே சில்லுவீட்டை நிறுத்தி அதற்குள் இருப்பது என்பது ஏற்பாடு. மரவேலை படிப்பிக்கிற மாஸ்ரர் மாப்பிள்ளை, கப்பல்காரன் கொண்டுவந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்து, பழைய கார் அச்சின்மேல் ஒட்டுப்பலகையால் ஓர் அறை கட்டி, அதை மாமாவின் மொறிஸ் மைனருக்குப் பின்னால் கொழுவி இழுப்பார் என்று கலியாணம் பேசும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் கட்டியாயிற்று. பிள்ளைக்கு முட்டு வந்தால் விடியும்வரை நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதுபோல் இழுக்கும், அதை நீங்கள் கேட்டதில்லை. ஊர்காவற்றுறை டொக்டர், "தூசி கூடாது பிள்ளை. சாக்கு, பழைய பாய், புத்தகம் ஒண்டும் அவன் படுக்கிற இடத்தில வையாதையும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே சட்டம் ஒன்றே ஒன்று: சில்லுவீட்டின் உட்புறம் பிள்ளையுடையது. அவனுடைய கட்டில், நுளம்புவலை, ஆவி பிடிக்கிற கேத்தில், அவ்வளவுதான். தூசி நுழையாமல் கதவு, யன்னல் இடுக்கெல்லாம் பழைய சீலையைக் கிழித்து நானே பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். சாமான்கள் வெளியில்தான் வரும்.

எப்படி வெளியில் என்பதில்தான் இந்தப் பங்குனியும் சித்திரையும் போயின.

முதலில் இவர், "கூரை சும்மாதானே கிடக்குது" என்று உடைந்த கட்டிலின் இரும்புக் குழாய்களை மேலே சுற்றிவர அடித்து, அதற்குள் மெத்தை, சட்டி பானை மூட்டை, தன்னுடைய சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு பழக்கத்துக்குச் சந்திவரை போய்வருவோம் என்று காரை எடுத்தார். எங்கள் ஒழுங்கையின் பூவரசுகள் வண்டில் மாட்டின் உயரத்துக்குப் பழகியவை. சந்தியில் இறங்கிப் பார்த்தால் கூரையில் கயிறு மட்டும் இருக்கிறது. திரும்பி ஓடினால் மாமா ஒழுங்கையின் நடுவில் அண்ணாந்துகொண்டு நிற்கிறார். மூட்டையும் சைக்கிளும் கிளையில் தொங்குகின்றன. "நீங்கள் போயிட்டியள், சாமான் வரமாட்டன் எண்டு நிக்குது" என்றார். கூரை அன்றோடு முடிந்தது.

அடுத்தது பின்பக்கம். சைக்கிள் கரியர் மாதிரி ஒன்றைப் பின்னால் நீட்டி அடித்தார், அதில் மாமி தான் தருகிற சாமான்களை எல்லாம் ஏற்றினா. அம்மி, அரிசிப் பெட்டி, ஊறுகாய்ச் சாடி, தேங்காய். நான் பி.எஸ்.ஸி. படித்தவள். நெம்புகோல் கணக்குப் பரீட்சையில் செய்தவள். அச்சுக்குப் பின்னால் பாரம் ஏறினால் முன்னால் இருக்கிற கொழுக்கி மேலே போகும் என்று வாயைத் திறந்தேன். "படிச்ச பிள்ளையள் எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வைச்சிருக்குங்கள்" என்று மாமி இன்னும் இரண்டு தேங்காய் வைத்தா. மண்டைதீவுவரை போய்ப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டு, கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி றோட்டில் ஏறியதும் கடலில் இருந்து பக்கக் காற்று பிடித்தது பாருங்கள் அத்தான், சில்லுவீடு ஒருதரம் இடம், ஒருதரம் வலம், பிறகு பெரிய இடம், பெரிய வலம் என்று மாட்டுவால் ஈ விரட்டுவதுபோல் ஆடத் தொடங்கியது. நான் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, "இஞ்சருங்கோ, பிறேக் போடாதேங்கோ, மெல்ல மெல்ல விடுங்கோ" என்கிறேன். கரையில் வலை உதறிக்கொண்டு நின்ற மனிசன் ஒருவர், "மாஸ்ரர், உங்கட வீடு உங்களை முந்தப் பாக்குது" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு மறுபடி வலையை உதறினார். கார் நின்றதும் இவர் இறங்கி, என்ன பிழை என்று பார்க்கக் கொழுக்கியைக் கழற்றினார். பின்பாரம் வண்டியைக் குந்த வைக்க, கொழுக்கி மேலே துள்ளி இவருடைய நாடியில் அடித்தது. மூன்று தையல். பள்ளிக்கூடத்தில் பிரியாவிடைக் கூட்டத்தில் இவர் பேசவில்லை, தலையாட்டினார். பிள்ளைகள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தையலோடு புத்தி வந்திருக்கும் என்றால், மற்றப் பக்கத்துக்கு வந்தது. "பின்னால கூடாதெண்டால் எல்லாத்தையும் முன்னால வைப்பம்" என்று, கொழுக்கிக்குக் கிட்ட முக்கோணச் சட்டத்தின்மேல் ஒரு பெரிய பெட்டி வைத்து எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தார். அன்று பின்னேரம் கார் பின்னங்காலில் குந்தியிருந்தது. ஸ்ரியறிங் திருப்பினால் முன்சில்லு யோசித்துத்தான் திரும்புகிறது. விளக்கைப் போட்டால் றோட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, பனைகளின் உச்சி வட்டுக்களெல்லாம் பகல்மாதிரித் தெரிகின்றன. மாமா, "நல்லது, போற வழியில பழுத்தது பாத்து வைக்கலாம்" என்றார்.

அன்றைக்குத்தான் நான், இனி இந்த வேலை என்னுடையது என்று இவரிடம் சொன்னேன். இவர் நாடியைத் தடவிக்கொண்டு, "ஓம், நீர் செய்யும்" என்றார். கலண்டர்த் தாளின் முதுகில் படம் கீறிக்கொண்டு, படலை அடிக்கிற கதிர்காமு அண்ணையின் பட்டடைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பெட்டி இரண்டு வேணும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அச்சுக்கு நேரே, எவ்வளவு தாழப் பதிக்க ஏலுமோ அவ்வளவு பதித்து. பாரத்தில் முக்கால்வாசி அங்கே, மிச்சம் கொஞ்சம் முன்னால், பின்னால் ஒன்றுமில்லை. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பலகையை நெருக்கி அடிக்கவோ பிள்ளை?"

"இல்லை அண்ணை, இடைவெளி விடுங்கோ. மழைத்தண்ணி வடிய வேணும்."

"அப்ப கோழிக்கூடு எண்டு சொல்லுங்கோவன். இவ்வளவு நேரம் படம் கீறிக் காட்டுறியள்."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் கோழிக்கூடு. மாமி அயலுக்கெல்லாம், "என்ர மருமகள் வீட்டுக்கு ரெண்டு பக்கமும் கோழிக்கூடு கட்டியிருக்கிறா, வந்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டா. சொல்லட்டும். தாம்போதியில் ஏற்றிப் பார்த்தோம், நூல் பிடித்த மாதிரி வந்தது. எனக்கு ஒரு பரீட்சை இருக்கிறது: கொழுக்கியை ஒரு கையால் தூக்க முடிந்தால் பின்பாரம் கூட, இரண்டு கையால் முக்கியும் அசையாவிட்டால் முன்பாரம் கூட, இரண்டு கையால் முக்கித் தூக்க வந்தால் சரி. தினமும் காலையில் முற்றத்தில் தூக்கிப் பார்க்கிறேன். படலையால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். மாமா, "ஒண்டுமில்லை, மருமகள் வீட்டைத் தூக்கி நிமித்திறா" என்று அவர்களை அனுப்பிவைக்கிறார்.

பார்க்க வந்தவர்கள் பெட்டி வெறுமையாக இருப்பதையும் பார்த்தார்கள். அதுதான் நான் நினையாத இடம். இடைவெளி விட்ட பலகை அல்லவா, உள்ளே எவ்வளவு இடம் மிச்சம் என்று றோட்டில் இருந்தே தெரிகிறது. வன்னிக்குப் போகிறவர் கையில் ஒரு பார்சல் கொடுத்துவிடாத வீடு எங்கள் தீவில் இல்லை. நான் பெட்டி மூடிகளுக்கு ஆமைப்பூட்டுப் போட்டேன். ஆனால் இந்தத் தீவில் உண்டாகிற சாமான் எல்லாம் தட்டையாகவோ நீளமாகவோ இருக்கிறதே, அதற்கு என்ன செய்ய? காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் குச்சி குச்சியாக இடைவெளியால் போகிறது. பனம்பழப் பனாட்டு தட்டுத் தட்டாகப் போகிறது. பிலோமினம்மா அக்கா பாய்மாதிரி விரிந்த சீலாக் கருவாட்டைப் பலகைக்குள் சொருகிக்கொண்டிருக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தேன்.

"அக்கா, இது பிள்ளைக்கு முட்டு வராமல் போறதுக்கெண்டு செய்த ஏற்பாடு."

"ஓமடி பிள்ளை, அதுக்குத்தான் வெளியில வைக்கிறன். என்ர மூத்தவள் கிளிநொச்சியில கருவாடு காணாமல் இளைச்சுப் போட்டாள். இது என்ன பாரமே? காத்து."

காற்று என்று சொல்லிச் சொல்லியே ஊர் முழுவதும் சொருகியது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டு. வலப்பக்கம் படலைப் பக்கம் ஆனபடியால் வலப்பெட்டிதான் நிறைந்தது, ஒரு காலையில் சில்லுவீடு ஒரு பக்கம் சரிந்து நின்றது. வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "குடுத்த சாமானைத் திருப்பி வாங்கிறதோ" என்று ஒருவரும் வாங்கவில்லை. போதாதற்குச் சரோஜினிதேவி ரீச்சர் வீட்டில் தேத்தண்ணி தந்து, கையில் புழுக்கொடியலும் தந்துவிட்டா. இப்போது ஒரு முடிவு எடுத்துவிட்டேன். வலப்பெட்டி ஊருக்கு. அதற்குச் சரிசமனாக மாமியின் அம்மி இடப்பெட்டியின் அடியில் போகும், அதன்மேல் எங்கள் உடுப்புகள். இடப்பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒடியல் துண்டொன்றும் நுழையாமல் நானே காவல் நிற்கிறேன்.

இனி நீங்கள் கேட்டிருந்த ஆட்டுக்கல். அக்காவின் சீதனக் கல், அம்மா வீட்டில் சும்மா கிடக்கிறது, வரும்போது ஏற்றிவாருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான், பெட்டியில் வைத்தால் பாரம் தாங்காமல் பலகை உடைந்து இருந்துவிடும். பின்னால் வைத்தால் இவருக்கு இன்னும் தையல். உள்ளே வைக்க முடியாது, உட்புறம் பிள்ளையுடையது. ஆட்டுக்கல் வராது. அக்கா அழுதாலும் வராது. உங்கள் பகிடிக்கும் இதுதான் பதில்: ஆட்கள் உள்ளே, சாமான் வெளியே. இதில் ஓர் அங்குலம் மாறமாட்டேன்.

பிள்ளையைப் பஸ்ஸில் கூட்டிவரச் சொல்கிறீர்கள். சாக்கும் சனமும் புழுதியுமாக அதற்குள் அவனை ஏற்றமாட்டேன். கூரை போட்ட பிறகு வரச் சொல்கிறீர்கள். சண்டை ஓய்ந்து பாதை இப்போது திறந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் திறந்திருக்கும் என்று எனக்கு எழுதித்தர ஒருவரும் இல்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் இவர் கையெழுத்து வைக்கவேண்டிய நாளும் அதற்குள் வருகிறது. ஆகவே மே மாதம் இரண்டாம் புதன்கிழமை விடிய வெளிக்கிடுகிறோம். வேம்புக்குக் கீழே கட்டுகிற மாட்டை வேறிடத்தில் கட்டுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் மாமாவும் மாமியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். உங்கள் வீட்டு விளக்கும் எங்கள் சில்லுவீட்டு விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரிகிற நாள் சுகமாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனி
நாகபூசணி

பி.கு.: 29.04.1990. கிளிநொச்சிக்குப் போகிற ஆள் வரும்வரை இந்தக் கடிதம் இரண்டு மூன்று நாள் இங்கேயே கிடந்தது. அதற்குள் ஒரு விஷயம். பழகட்டும் என்று பிள்ளையைச் சில்லுவீட்டுக்குள் மத்தியானம் படுக்கவைத்தேன். என் சீலைத் துண்டுகள் தூசியை விடவில்லை, காற்றையும் விடவில்லை. புதுப் பெயின்ற் மணத்தில் அவனுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. தூக்கி வெளியில் இருத்திவிட்டுச் சுடுதண்ணி எடுக்கக் குசினிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் ஆளைக் காணவில்லை. கிணற்றடிக்கு ஓடினேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மாமி சில்லுவீட்டின் இடப்பக்கம் குந்தியிருந்து வாயில் விரலை வைத்தா. "சத்தம் போடாதை பிள்ளை. கூட்டுக்குள்ள கிடக்கிறான்." கழுவிக் காயவைத்த பெட்டிக்குள் முழங்காலை மடித்துக்கொண்டு நித்திரை. பலகை இடைவெளியால் கடற்காற்று அவன் தலைமயிரை அசைக்கிறது. நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன் அத்தான். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் பார்த்தோம். சீலைத் துண்டுகளைப் பிய்த்து யன்னலைத் திறந்தும் உள்ளே போகமாட்டான் என்று நிற்கிறான். கூட்டுக்குள் விட்டால் படுக்கிறான், இழுக்கவில்லை. இவர், "நீர் சொல்லும், என்ன செய்வம்?" என்றார். சாமானை உள்ளுக்கு ஏத்துங்கோ என்றேன். மாமா உங்கள் கடிதத்தை எடுத்து மூன்றாம் பந்தியை மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

கதிர்காமு அண்ணை இடப்பெட்டியை நீட்டி, மூடியைக் கழற்றி, வெயிலுக்கு ஒரு தட்டி போட்டுத் தருகிறார். வழிநெடுக அவன் காரில் என் மடியில். வந்து நின்ற பிறகுதான் கூடு. இடப்பக்கம் வேம்பைப் பார்த்து வருகிறமாதிரி இடம் ஒதுக்கிவையுங்கள். வலப்பெட்டி ஊருக்குப் போதாதாம், ஆகவே உள்ளேயும் இப்போது ஊர்தான், கருவாட்டு மணத்தோடு. நடுவில் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய பாரம் இல்லாமல் கொழுக்கி ஒரு கையோடு கிளம்புகிறது. ஏதாவது வைக்கவேண்டும்.

ஆட்டுக்கல் வருகிறது என்று அக்காவிடம் சொல்லுங்கள். பிள்ளை எங்கே படுக்கிறான் என்று மட்டும் சொல்லவேண்டாம், நாங்கள் வந்த பிறகு அக்காவுக்கு நானே சொல்கிறேன்.