காய்ச்சல் இல்லை, கணகணப்புதான்

சிரஞ்சீவி கோவர்தனுக்கு, அத்திம்பேர் ஸ்ரீரங்கம் ராஜகோபாலன் அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று எழுதிப் பழகின கை இன்றும் அதையே எழுதப் பார்க்கிறது. க்ஷேமம் இல்லை. உன் அக்கா வேதவதிக்கு டெங்கு. திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். போனில் சொன்னால், கட்டிலில் படுத்தபடியே, "அவனை ஏன் பயமுறுத்தறேள்?" என்பாள். அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீ பதறிக்கொண்டு வர வேண்டாம். நான் இருக்கிறேன்.

தடுப்பூசி போட்டுக்கொண்டவளுக்கு எப்படி டெங்கு என்று கேட்பாய். உன் பெண் ஸ்ம்ருதி டெங்குவில் நம்மை விட்டுப் போன பிறகு, "இன்னொரு குழந்தைக்கு இப்படி ஆகப்படாது, நம்ம உடம்பாவது பிரயோஜனப்படட்டும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய் அந்த ஊசி ஆராய்ச்சியில் பெயர் கொடுத்தவள் இவள்தானே. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே என் கை புஸ்ஸென்று இட்லி மாதிரி வீங்கியது, அவளுக்கு ஒன்றுமில்லை. ஆக, மருந்து எனக்கு, தண்ணீர் அவளுக்கு. உத்தர வீதி பூராவும் சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். அன்றிலிருந்து கொசுவலை அவளுக்கு, ஜன்னலோரம் எனக்கு. "கடிக்கட்டும், கடிச்ச கொசுதான் சாகும்" என்பேன். எதிர்ப்பு சக்தி இன்னும் நிற்கிறதா என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கிறார்கள். பட்டாபிஷேகத்துக்குப் போகிறவன் மாதிரி போய்க் கையை நீட்டுவேன்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். வாராவாரம் ரிஃபானா என்கிற பெண் போன் பண்ணி விசாரிப்பாள். போன வாரமும், "மாமி, காய்ச்சல் ஏதும் இருக்குங்களா?" என்றாள். உங்காத்துப் பழக்கம் உனக்குத் தெரியாதா? வாயால் சொன்னால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். "இல்லேடிம்மா" என்று போனை வைத்துவிட்டு உன் அக்கா என்னிடம், "லேசா கணகணங்கறது, அவ்வளவுதான். இதைப் போய்க் காய்ச்சல்னு சொல்லுவாளா?" என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவர்கள் கொடுத்த தெர்மாமீட்டரையும் தொட விடவில்லை. வைத்துப் பார்த்தால் ஏறிவிடுமாம்!

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். "ஏன் சார் முதல்லயே சொல்லல?" என்று டாக்டர் சத்தம் போட்டார். கணகணப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கோவர்தன், எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்ம்ருதிக்கும் நாம் எல்லாருமாகச் சேர்ந்து கணகணப்பு என்ற அந்த வார்த்தையைத்தான் சொன்னோம்.

இருந்தாலும் நீ வராதே. மருந்து ஏறின உடம்பு என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன். ரங்கன் கைவிட மாட்டான். உன் ஆத்துக்காரிக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்.

அன்புள்ள அத்திம்பேர்,
ராஜகோபாலன்

பி.கு.: படமெடுப்பதற்குள் டாக்டர் வந்தார். என் கை வீங்கின கதையையும் அவளுக்கு வலை கட்டினதையும் சொன்னேன். "உப்புத்தண்ணிக்கும் வீங்கும் சார். டெங்கு கொசு பெரும்பாலும் பகல்லதான் கடிக்கும், ராத்திரி வலை கட்டி என்ன பண்ண?" என்று போய்விட்டார். பின்னாலேயே ரிஃபானா போன். "ஐயா, உங்களுக்கு எப்படிங்க இருக்கு?" நேற்றிலிருந்து கண்ணுக்குப் பின்னால் ஒரே வலி. "ஒண்ணுமில்லேம்மா, லேசா கணகண..." என்று ஆரம்பித்தேன். உன் அக்கா கண்ணைத் திறக்காமலே, "காய்ச்சல்னு சொல்லுங்கோ" என்றாள்.

சொல்லிவிட்டேன். நீ உடனே புறப்பட்டு வா.