மூன்று பட்டைப் போர்வையும் மூன்றாவது தையலும்

தையல் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் எதைப் பார்த்தாலும் வாங்க மாட்டார்கள். தடவிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இதை நானே தைச்சிருவேனே" என்பார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்த சமயத்தில் நடந்தது இது.

என் நாத்தனார் கவிதாவை மூணாறு பக்கம் சூரியநெல்லியில் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் முருகேசன் ஜீப் ஓட்டுகிறார். இருவருமாக வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுவதென்று முடிவு செய்தார்கள். ஆறடிக்கு ஏழடி கட்டில் வந்து இறங்கியது. அந்த ஊர்க் குளிருக்குப் போர்வை வேண்டுமே?

"மூணார்லயே கம்பளி வாங்கிக்கறனுங்க நங்கை" என்றாள் போனில். (எங்கள் பெருமாட்டிப் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம்.)

"மொத விருந்தாளிக்குக் கடைக் கம்பளியா? நான் எதுக்கு இருக்கறேன்? பஞ்சு வெச்சுப் போர்வை தைச்சுக் கொண்டாறேன்."

சும்மா இல்லை, ஊரில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள் நான். (மீதிப் பாதி, ஒரு முறை என்னிடம் தைத்துப் பார்த்தவர்கள்.)

மேலே பூப்போட்ட துணி, நடுவே பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க வேண்டும். அவ்வளவு பெரிய போர்வையைச் சுருட்டி என் மெஷினுக்குள் நுழைக்கப் பார்த்தேன். மலைப்பாம்பை எலிவளைக்குள் தள்ளுவது போலிருந்தது. கடைசியில் போனில் ஒரு வீடியோ வழிகாட்டியது: போர்வையை மூன்று பட்டைகளாகத் தனித்தனியே தைத்துவிட்டு, பிறகு ஒன்றாக மூட்டிவிடலாம். அதில் தைத்துக் காட்டிய பெண்ணின் பாஷை புரியவில்லை. கை புரிந்தது.

முதலில் சின்னதாக இரண்டு துண்டுகள் தைத்து, பஞ்சோடு சேர்த்து அழுத்தி மூட்டினேன். என் வீட்டுக்காரர் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத்தான் இருக்குது. நடுவுல எதுக்கு வரப்பு? ஆளுக்கொரு வயலா?"

மறுபடி வீடியோ பார்த்தேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் தைக்காமல் விட வேண்டுமாம். மேல் துணிகளை மட்டும் முகத்தோடு முகம் வைத்து மெஷினில் மூட்டி, பஞ்சை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வெட்டி, அடித் துணியை மடித்துக் கையால் தைக்க வேண்டுமாம். செய்தேன். வரப்பு போய்விட்டது. தலைக்கனம் வந்துவிட்டது.

மூன்று பட்டைகளையும் தைத்து முடித்துச் சுருட்டிக்கொண்டு, அங்கே போய் மூட்டிக்கொள்ளலாம் என்று உடுமலை வழியாகப் பஸ் ஏறினேன். மறையூருக்கு முன்னால் ரோட்டில் யானை நின்றது. அதற்கு அவசரமில்லை. நான் சூரியநெல்லி போய்ச் சேர மதியம் இரண்டு. விருந்தாளிகள் ஐந்து மணிக்கு.

பக்கத்து வீட்டு மெஷினைத் தூக்கி வந்து வைத்தாள் கவிதா. அவள் பட்டைகளை எடுத்துக் கொடுக்க, நான் மிதித்தேன். மூன்று பட்டைகளை மூட்ட எத்தனை தையல்? இரண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். இரண்டும் முடிந்தபோது கவிதா குவியலைத் துழாவினாள்.

"நங்கை, இன்னும் ரெண்டு ஓரம் தைக்காமக் கெடக்குதுங்க."

பார்த்தேன். உண்மைதான். இரண்டு விரல் விட்ட ஓரங்கள்! (போர்வையின் இரண்டு வெளி ஓரங்கள் அவை. சுற்றிப் பட்டி கட்டுவதற்காக நானே விட்டவை.)

"நல்லவேளை சொன்னே. குடு இங்கே" என்று வாங்கி, இரண்டையும் சேர்த்து வைத்து மூன்றாவது தையலையும் ஓட்டினேன். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொரு பாதிக் குவியலோடு, அடித் துணியைக் கையால் தைத்தோம். கடைசி முடிச்சுப் போடும்போது வாசலில் ஜீப் ஹாரன்.

எர்ணாகுளத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சரும் அவர் கணவரும். டீச்சருக்குப் பல் தந்தியடித்தது. இதுதான் சமயம் என்று, அவர்கள் கண்ணெதிரே போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து, கட்டிலின் மேல் வீசினேன்.

போர்வை விரியவில்லை. மூன்றடி அகலத்தில் தொப்பென்று நடுக்கட்டிலில் விழுந்தது. பூ ஒன்றைக்கூடக் காணோம், எல்லாம் உள்ளே. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். மறுமுனை வழியாக ஜன்னல் தெரிந்தது.

"இது எந்தா மோளே?" என்றார் டீச்சர்.

முருகேசன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது, மூட்டுன சாரமால்ல இருக்கு! கட்டிலுக்குக் கட்டிவிடவா?" (அவர்கள் வழக்கில் லுங்கிதான் சாரம்.)

அந்த யானையை இங்கேயாவது அனுப்பி என்னை மிதிக்கச் சொல்லியிருக்கலாம். கவிதாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கம்பளி வாங்குகிறேன் என்றவளைத் தடுத்து, முதல் விருந்தாளி முன்னால் இப்படி நிறுத்திவிட்டேனே! கத்தரிக்கோலைத் தேடி ஓடினேன்.

திரும்பி வந்தபோது டீச்சர் போர்வையைப் பூப்பக்கம் திருப்பி, காலை உள்ளே விட்டு, கழுத்து வரை இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் வெளியே.

"டீச்சர், எறங்குங்க. அஞ்சே நிமிஷம், பிரிச்சுத் தாறேன்."

"வேண்டா, வேண்டா. நல்ல சூடுண்டு. இது மதி" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். (மலையாளத்தில் மதி என்றால் போதும்.)

அப்போதுதான் கவிதா சிரித்தாள். சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாளும் டீச்சர் அதை விட்டு இறங்கவில்லை. தேயிலைத் தோட்டம் பார்க்கக்கூட அதற்குள் இருந்தபடியே குதித்துக் குதித்து வாசல் வரை போனார். பாவம், அவர் கணவர்தான் முருகேசனின் பழைய கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்.

கட்டிலுக்குப் பிறகு ஒழுங்காக வேறொன்று தைத்துக் கொடுத்தேன். சாரத்தை மட்டும் பிரிக்க விடவில்லை கவிதா. வருகிற விருந்தாளிகள் அதைத்தான் முதலில் கேட்கிறார்களாம்.

நான் என்ன தைத்து அனுப்பினாலும் கவிதா வீடியோ காலில் வந்துவிடுவாள். போன மாதம் ஒரு நைட்டி. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் முருகேசன், இருவரும் காத்திருக்க, அதைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் துணிதான் அசைந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது:

"நங்கை, வெளிய வர வழி வெச்சிருக்கீங்களா?"

பிறகு கழுத்து வழியாகத் தலை வந்தது. இரண்டு ஊரிலும் கைதட்டினார்கள்.