டெம்போ சொன்ன முடிவுகள்

நாவல்களுக்கு முடிவு சொல்வதில் எங்கள் டெம்போவை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. எழுதியவரே நேரில் வந்தாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

பெங்களூருச் சிறை ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போய், தமிழ்க் கைதிகளோடு உட்கார்ந்து நாவல் படித்துவந்தேன். அவர்களில் ஒருவர்தான் டெம்போ. பொம்மசந்திராவில் டெம்போ ஓட்டியவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். சிறை நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசித் தாள் மட்டும் இருக்காது. உடனே எல்லாரும் டெம்போவைப் பார்ப்பார்கள். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை முடித்துவைப்பார். அவர் முடிவில் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மூழ்கிய கப்பலிலிருந்துகூட முப்பது பேர் நீந்தி வந்து காபி குடித்தார்கள்.

"கொலைகாரனுமா வீட்டுக்குப் போறான்?" என்றேன்.

"அவனுக்கும் ஊட்ல சோறு ஆறிப்போவுது இல்ல சார்?"

ஒருமுறை நான் கடையில் வாங்கிய புத்தம் புதுப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். மறு வாரம் கடைசித் தாள் இல்லாமல் திரும்பி வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இத்தனை நாளா கிழிச்சது நீங்கதானா? பீடி சுத்தவா?"

"சே சே, பீடியே தொட்டதில்ல. இதுல ஈரோ செத்துப்போறான் சார். இங்க பாதிப் பேருக்கு இன்னும் ஜட்ஜ்மென்ட் வரல. அவங்களுக்கு இது தேவையா?"

கிழிந்த புத்தகத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு அவருடைய அப்பீல் தள்ளுபடியானது. அந்தச் சனிக்கிழமை வந்து மூலையில் உட்கார்ந்தார். கதை வழக்கம்போல் கடைசித் தாளுக்கு முன்னால் நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"தெரியல. வுடுங்கப்பா" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

அடுகோடிப் பக்கம் மெக்கானிக்காக இருந்த ஒருவர் எழுந்தார். "நான் சொல்றேன்பா. டெம்போண்ணன் ரிலீஸ் ஆவுறாரு. சாயந்திரம் அஞ்சு மணி. வண்டிய எடுக்கறாரு. ஓசூர் ரோட்ல நேரா வுடறாரு, சந்தாபுரா ஊட்டுக்கு..."

இன்னொருவர் டெம்போவின் மனைவியை வாசலுக்கு வரவழைத்தார். வேறொருவர் குழம்பைச் சுடவைத்தார்.

டெம்போ தலையைத் தூக்கவே இல்லை. குனிந்தபடியே முனகினார்.

"அஞ்சு மணிக்கு மெயின் ரோடா? கம்பெனி பஸ் எல்லாம் வர்ற நேரம்டா. பொம்மசந்திரால மாட்டினா ஒரு மணி நேரம் காலி. உள்பக்கமா போவச் சொல்லு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் எந்த நாவலானாலும் கடைசித் தாள் வந்ததும் மூடிவைத்துவிடுகிறேன். டெம்போ வெளியே வந்து சொல்லட்டும்.