காத்து மேஸ்திரி பாலிஷ் போட்ட டிராக்டர்

தஞ்சாவூர் ஜில்லாவில் எல்லாரும் தண்ணீருக்காக அடித்துக்கொண்டிருந்த காலத்தில், காற்றுக்காகக் கவலைப்பட்ட ஒரே ஜீவன் எங்கள் காத்து மேஸ்திரிதான். அவருடைய நிஜப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

எழுபதுகளின் ஆரம்பம். மாயவரம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் நான் குமாஸ்தா. மில்லுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மேஸ்திரி எஞ்சின் வேலை பார்த்தார். எந்த எஞ்சின் வந்தாலும் முதலில் கழற்றுவது மேனிபோல்டைத்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றையும் எண்ணெயையும் பங்கு பிரித்து அனுப்பும் கிளைக்குழாய் அது. "அவசரத்துல வார்த்துட்டான்யா, உள்ள பூரா மேடு பள்ளம்" என்று அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தால், சோறு தண்ணி மறந்துபோகும்.

ராவியதைச் சோதிக்க எங்கள் மில்லின் உமி ஊதும் விசிறி வேண்டும். அது காற்றை உறிஞ்சும் வாயில் குழாயைப் பொருத்துவார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் செருகுவார். அந்தத் தண்ணீர் ஏறி இறங்குவதை வைத்து, எந்தக் கிளையில் காற்று தடங்கலில்லாமல் போகிறது என்று சொல்லிவிடுவார். டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உத்தியோகம் எனக்கு. நெல் அரைக்க வந்தவர்கள் மூட்டை மேல் உட்கார்ந்து எங்கள் இருவரையும் திட்டுவார்கள்.

ஒருமுறை ஆளுங்கட்சிப் பொதுக்கூட்டம். பேச்சாளர் மூச்சே விடாமல் அடுக்குமொழியில் விளாசினார். கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்க, மேஸ்திரி மேடைக்குப் பின்னால் போய் அவரை மடக்கிவிட்டார்.

"அண்ணே, கொஞ்சம் வாயைத் திறங்க. உங்களுக்குத் தொண்டையில திருப்பமே கிடையாது போலிருக்கு. ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

கையில் டார்ச் வேறு. எதிர்க்கட்சிச் சதி என்று தொண்டர்கள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இன்னொரு தடவை திருவையாற்றில் ஒரு நாதஸ்வர வித்வானிடம், "உள்ள லேசா ராவிக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். வித்வான் வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறியதாகக் கேள்வி.

இப்படிப்பட்டவரிடம்தான் செல்லம்மா வந்து மாட்டினார். பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலிகள் சங்கத்தின் தலைவி. மிராசுதாரிடமிருந்து நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலம் அங்கே பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கிடைத்திருந்தது. அந்தக் கோபத்தில் மிராசுதாரின் ஆட்கள் வாய்க்காலை மேலேயே அடைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தாசில்தார் பார்வையிட வருகிறார். நிலம் தரிசாகக் கிடந்தால் பட்டா ரத்து. வடிகாலிலிருந்து தண்ணீர் இறைக்கச் சங்கத்திடம் இருந்தது ஏலத்தில் எடுத்த ஒரு கிழட்டு டிராக்டர். பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். பெல்ட் மாட்டிப் பம்பைச் சுற்றவிட்டால் திணறி நின்றுவிடும்.

"நாத்து முத்திக்கிட்டு வருது மேஸ்திரி. வெள்ளிக்கிழமைக்குள்ள நட்டாகணும்."

"காத்து சரியாப் போகல தங்கச்சி. செவ்வாக்கிழமை வந்து எடுத்துக்க."

செவ்வாய்க்கிழமை நான்கு கிளைகளும் டியூபில் ஒரே மட்டம் காட்டின. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? "இன்னும் ஒரு கை" என்று புதன்கிழமை பூராவும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டார்ச் அடித்தால் உள்ளே கண் கூசியது. "பாருய்யா, வெள்ளிக் கிண்ணம்!" என்று எனக்குக் காட்டிப் பூரித்தார். செல்லம்மா கொட்டகை வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை காலை வடிகால் கரையில் டிராக்டர் பெட்ரோலில் ஜோராகக் கிளம்பியது. நன்றாகச் சூடானதும் மேஸ்திரி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். நாலு இருமல், ஒரு குடம் புகை, அவ்வளவுதான். மறுபடி கிளப்பினார். மறுபடியும் அதே கதை. எதிர்க்கரையில் மிராசுதாரின் பண்ணையைக் கவனிக்கும் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்றுக்கட்டோடு நின்ற பெண்கள் கட்டுகளைக் கரையில் இறக்கி வைத்தார்கள்.

மேஸ்திரி குழாயைக் கழற்றினார். செல்லம்மா உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"எண்ணெய் உள்ளயே குட்டையா நிக்குதே மேஸ்திரி. பளபளப்புல வழுக்கிக்கிட்டு ஓடிருதா?"

மேஸ்திரியின் முகம் வெளிறியது. மண்ணெண்ணெய் கனத்த சரக்கு. சுவர் சொரசொரப்பாக இருந்தால்தான் சிதறிக் காற்றோடு கலக்கும். கண்ணாடிச் சுவரில் அது ஓடையாக ஓடித் தேங்கிவிட்டது. மில் விசிறியில் காற்றை மட்டுமே சோதித்த மனிதருக்கு எண்ணெயின் நினைப்பே வரவில்லை.

"நீ சொல்றது சரிதான் தங்கச்சி. நான்தான் கெடுத்துட்டேன். ஒரு சாக்கும் ஆத்து மணலும் கொண்டாங்க."

சாக்குத் துணியைக் குச்சியில் சுற்றி, ஈர மணலில் புரட்டி, ஒரு நாள் முழுக்கத் தேய்த்து வரவழைத்த பளபளப்பைத் தன் கையாலேயே கீறினார். "பெத்த புள்ளை மூஞ்சியில நானே அம்மைத் தழும்பு போடுறேன்யா" என்று புலம்பல் வேறு. கண்ணில் தண்ணீர். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பொட்டு மணல் தங்காமல் கழுவி மாட்டி முடித்தபோது உச்சிவெயில்.

இந்த முறை டிராக்டர் இருமவில்லை. பம்பிலிருந்து தண்ணீர் பாய்ந்ததும் பெண்கள் போட்ட குலவையில் காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். சாயங்காலமே சேற்றை மட்டப்படுத்திப் பரம்படித்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நடவு.

தாசில்தாரின் ஜீப் வந்தபோது பாதி நிலம் பச்சையாகியிருந்தது. சாகுபடி நடப்பதாக எழுதிக்கொண்டவர், டிராக்டரைப் பார்த்து, "இந்தக் கிழத்தை ஓட வச்சது யாருங்க?" என்றார். எல்லாரும் சேர்ந்து மேஸ்திரியை முன்னால் தள்ளினார்கள்.

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "செவ்வாக்கிழமையே ஓடியிருக்கும் சார். நான்தான் அழகு பார்த்துக் கெடுத்துட்டேன்."

நடவில் நின்ற செல்லம்மா நிமிர்ந்து ஓர் அதட்டல் போட்டார். "சும்மா இருங்கண்ணே! தண்ணி வந்துச்சுல்ல?"

அதுவரை மேஸ்திரி என்று மட்டுமே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் அண்ணே என்றார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அன்றிலிருந்து நானும் மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிட்டேன்.