காத்தாடி சார் நடத்திய சந்தை வகுப்பு

உலகத்திலேயே காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே காற்றின் பெருமையைப் பாடம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் காத்தாடி சார்தான்.

தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் நான் கணக்குப் பாடம் எடுத்த பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியர். ஸ்கூட்டர் கைப்பிடியில் காற்றாடி கட்டி, அதில் ஒரு குட்டி பல்பு எரிய வைத்திருந்தார். வண்டி நின்றால் பல்பு அணைந்துவிடும். அதனால் மைதானத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டே பாடம் நடத்துவார். பத்தாம் வகுப்பு மொத்தமும் பின்னால் ஓடும்.

பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறதே என்றுதான் பாடத்தை வாட்ஸ்அப்புக்கு மாற்றினார். சூரிய ஒளி, காற்று, சாண எரிவாயு என்று தினம் ஒரு குரல் பதிவு. அதையும் மலைக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்கு நடுவே நின்றுதான் பேசுவார். பாதி அவர் குரல், பாதி ‘உஸ்ஸ்’.

இன்னொரு சங்கடம், போன்கள் எல்லாம் அப்பாக்களுடையவை. ‘வீணாகும் சக்திக்கு ஓர் உதாரணம் தருக’ என்று கேட்டால், மாட்டுத் தரகர் ரங்கசாமி முந்திக்கொண்டு, ‘எங்க மச்சானுங்க’ என்று பதில் அனுப்புவார்.

“இது வேலைக்காகாதுங்க சார், நிறுத்திடலாம்” என்றார் தலைமையாசிரியை. சார் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பிள்ளைகளுக்குப் பாடம் பிடிபட்டிருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதற்காக ஒரு மாதம் சோறு தண்ணி இல்லாமல் உழைத்தவர், நாள் குறிப்பதில் கோட்டை விட்டார். அன்று மாட்டுச் சந்தை.

அதிகாரி வந்தபோது வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். போன் ஒன்றுகூட இல்லை.

“மொபைல் எவிடே மாஷே?” என்று போன்கள் எங்கே என மலையாளத்தில் கேட்டார் அதிகாரி.

“சந்தைக்குப் போயிருக்குதுங்க. நாமளும் போலாங்களா?”

சார் சிரிக்காமல்தான் கேட்டார். அதிகாரியும் கிளம்பிவிட்டார். பின்னால் வகுப்பே கிளம்பியது, நானும்தான்.

சந்தையில் ரங்கசாமி துண்டுக்கடியில் இன்னொருவரின் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார். ‘இங்கே கிடக்கும் சாணியை என்ன செய்யலாம்?’ என்று சார் கேள்வியை அனுப்பினார். ரங்கசாமி சட்டென்று கையை உருவிக்கொண்டார்.

“இருங்க, சார் பாடம் போட்டுட்டாரு!”

அதிகாரி அசந்துபோனார். ரங்கசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

“கேள்வி எனக்குங்கப்பா!” என்று மகள் காவேரி போனைப் பிடுங்கினாள். சாணியைக் கரைப்பது, காற்றுப் புகாமல் மூடுவது, வாயு அடுப்புக்கு வருவது, மிச்சம் வயலுக்கு உரமாவது என்று மளமளவென்று சொன்னாள். அவள் விட்ட இடத்தை மற்ற பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பெருமை தாங்கவில்லை.

“நடக்கட்டே மாஷே” என்றார் அதிகாரி. பாடம் தொடரட்டும் என்று அர்த்தம்.

சார் ஒரு மாட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கி, எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். அதில் என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முழுக்கக் காற்று. கடைசியில் மட்டும் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அதற்குப் பிறகு இரண்டு போன் மாற்றிவிட்டேன். அந்தக் காற்றை மட்டும் அழிக்க மனசு வரவில்லை.