விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு சோதனைத் தாள்

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், அது போடுகிற இரைச்சலில் பாதிக் கதை காற்றோடு போய்விடும். ஒரு லிப்டுக்காரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

லிப்டுக்காரர் என்றால் லிப்டில் ஏறி இறங்குகிறவர் இல்லை. லிப்டைச் சோதித்து, ஓடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கிறவர். ஒரு கறுப்புப் பை, ஒரு டார்ச், ஒரு எண்ணெய்க் குப்பி, 'ஓடலாம்' என்று லிப்டில் ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர் ஒரு கட்டு. இவ்வளவுதான் தொழில் சாமான். "இதை மாத்திடலாமா சார்?" என்று எந்தக் கட்டடத்துக்காரராவது கேட்டுவிட்டால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

"மாத்தறதா? முப்பது வருஷம்தான் ஆகுது, பச்சைக் குழந்தை! எண்ணெய் போட்டா இன்னும் பதினஞ்சு வருஷம் ஓடும்" என்பார்.

சொன்னபடியே ஓடவும் வைப்பார். சோதனைத் தாளில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யாக எழுத மாட்டார். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, ஒரு கட்டு ஸ்டிக்கருக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துக்கொள்வார். மற்ற விவரங்களைப் போன இடத்தில் எழுதிக்கொள்ளலாம் இல்லையா?

"வெறும் ஸ்டிக்கர்ல கையெழுத்துப் போடாதீங்க. யாராவது எடுத்து எதுல வேணா ஒட்டிடப் போறாங்க" என்பாள் பெண்டாட்டி.

"என் பையை யாரு தொடப் போறா?" என்பார் இவர்.

இது வெளியே. வீட்டுக்குள் கால் வைத்தால் ஆளே வேறு. டிவிக்குக் கீழே ஒரு வீடியோ கேம் பெட்டி. வாங்கி மூன்று வருஷம். அது அந்த வீட்டுக்கு வந்த நாலாவது பெட்டி. முதல் மூன்றும் பீரோவுக்கு மேலே, பிறந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே படுத்திருந்தன. இப்போது கம்பெனிக்காரன் ஐந்தாவதைக் கடைக்கு விட்டுவிட்டான். லிப்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்டாட்டி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது வாண்டுகளைத் தினமும் கட்டி மேய்க்கிறவளுக்கு ஐம்பது வயது வாண்டு ஒன்றைச் சமாளிப்பதா பெரிய காரியம்?

"இந்தா பாரு, இந்தப் பெட்டிக்கு வயசாயிடுச்சு" என்று ஆரம்பித்தார்.

"மூணு வருஷத்துலயா?"

"இது லிப்ட் கணக்கு இல்லம்மா. இதுல மூணு வருஷம்னா தொண்ணூறு வயசு. என்னைக் கேட்டா கம்பெனிக்காரன் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு விடணும். அவன் சோம்பேறி, இழுத்தடிக்கிறான்."

"எனக்குக் கண்ணாடி மாத்தியே நாலு வருஷம் ஆச்சு."

"கண்ணுக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்? புதுசுல புல்லு தனித்தனியா அசையுதாம்!"

"வாசல்லயும் அசையுது. போய்ப் பிடுங்குங்க, ரெண்டு வாரமா சொல்றேன்."

"உனக்கு ரசனை கிடையாது."

"சரி, என்னைக் கேட்டா எப்ப விடணும் தெரியுமா? பழசுல வாங்கின கேமை எல்லாம் விளையாடி முடிச்சவனுக்குத்தான் புதுசுன்னு கடையில போர்டு மாட்டணும். அந்தக் கார் பந்தயத்துல மூணாவது வளைவைத் தாண்டிட்டீங்களா?"

லிப்டுக்காரர் பேச்சை மாற்றினார். மூன்று வருஷமாக அந்த மூன்றாவது வளைவில்தான் அவர் கார் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. பஸ் ஓட்டுகிறவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

"உன் வாஷிங் மெஷின் மட்டும் பேசாம ஓடலையா? பதினஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் பதினஞ்சு வருஷம் நல்லா ஓடும்" என்றார்.

ஓடும்தான். நிஜமாகவே ஓடும். துணி பிழியும்போது அந்த மெஷின் குளியலறையை விட்டுக் கிளம்பி, கூடத்தைத் தாண்டி, வாசல்வரைக்கும் வந்துவிடும். லிப்டில் கழித்துப் போட்ட கம்பிக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து அதைக் குழாயோடு கட்டி வைத்திருந்தார் இவர். மறுவாரம் குழாயையும் கூட்டிக்கொண்டு வந்தது. மாற்றலாம் என்று அவள் கேட்காத மாதம் இல்லை. எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று இவர் சொல்லாத மாதமும் இல்லை.

இதற்குள் லிப்டுக்காரர் ரகசியமாக ஒரு வேலை செய்திருந்தார். கடைவீதியில் உள்ள பெரிய சாமான் கடையில் முன்பணம் கட்டி, புதுப் பெட்டிக்குப் பதிவுச் சீட்டு வாங்கி வேலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு நியாயம்தான் பாக்கி.

திங்கட்கிழமை அந்த நியாயம் கிடைத்துவிட்டது. தன் சோதனைத் தாளைப் போலவே ஒன்றை எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

"சண்டையே வேண்டாம். சட்டப்படி போயிடலாம். அஞ்சு கேள்வி. சத்தம் போடுதா? சூடாகுதா? கிளம்ப நேரமாகுதா? நடுவுல நிக்குதா? இதைவிட நல்லது கடையில இருக்கா? மூணுக்கு 'ஆமா' வந்தா கழிச்சிட்டுப் புதுசு."

அவள் தாளை மேலிருந்து கீழே படித்தாள். காலையில் பஸ்ஸைச் சுற்றி வந்து டயரைப் பார்ப்பாளே, அப்படி.

"இது இந்த ஒரு பெட்டிக்கு மட்டுமா?"

"வீட்டுல பிளக்கு மாட்டி ஓடுற எல்லாத்துக்கும்! சட்டம்னா ஒண்ணுதான்." அந்த நேரத்தில் அவருக்கு நீதிபதி நாற்காலியிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

"யாரு சோதிக்கிறது?"

"நான்தான். வேற யாருக்குத் தெரியும்?"

"கட்டடத்துக்காரரே தன் லிப்டைத் தானே சோதிச்சு எழுதிக்கலாமா?"

"அதெப்படி? தப்பாச்சே!"

"கேம் பெட்டி யாருது?"

லிப்டுக்காரர் தாளைத் திரும்ப வாங்கப் பார்த்தார்.

"அதை நான் பார்க்கிறேன். வாஷிங் மெஷினை நீங்க பாருங்க. சனிக்கிழமை மத்தியானம்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள்.

போகட்டும், யார் பார்த்தால் என்ன என்று நினைத்தார் இவர். அன்றைக்கே ஒரு தடித்த துண்டை நாலாக மடித்துப் பெட்டிக்குப் பின்னால், காற்றுப் போகிற ஓட்டையை அடைத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை பெட்டி முனகியது. புதன்கிழமை இரைந்தது. வியாழக்கிழமை ஆகாய விமானம் மாதிரிக் கத்திவிட்டு, மூன்றாவது வளைவு வருவதற்கு முன்னாலேயே நின்றுபோனது. கார் பள்ளத்தில் விழாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"கேட்டியா சத்தத்தை?" என்றார் சந்தோஷமாக.

"கேட்டேன், கேட்டேன்" என்றாள் அவள்.

சனிக்கிழமை வந்தது. காலேஜில் படிக்கிற மகளைச் சாட்சிக்கு நிறுத்திவைத்தார்கள்.

முதலில் வாஷிங் மெஷின். ஜன்னல் திரை எல்லாவற்றையும் கழற்றி உள்ளே போட்டுப் பெண்டாட்டி பொத்தானை அழுத்தினாள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. இருமியது. சூடு கிளம்பியது. நடுவில் ஒரு தடவை நின்றது, ஒரு உதை வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பியது. பிழிய ஆரம்பித்ததும் கம்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் புறப்பட்டது. மகள் குறுக்கே நின்று மறித்தாள்.

"எழுதுங்கப்பா" என்றாள்.

எழுத அவருக்கு மனசே வரவில்லை. ஆனாலும் இருபத்தெட்டு வருஷத் தொழில். சோதனைத் தாள் என்று கையில் பிடித்துவிட்டால் பொய் எழுத வராது. ஐந்துக்கும் 'ஆமா'. போகிறது, இதுவும் புதுசு, அதுவும் புதுசு என்று மனசைத் தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது பெட்டி. பெண்டாட்டி பக்கத்தில் வந்து, குனிந்து, பொத்தானை அழுத்தினாள்.

சத்தமே இல்லை.

"கரன்ட் போயிடுச்சு போல" என்றார் லிப்டுக்காரர்.

டிவியில் படம் பளிச்சென்று வந்தது. பெட்டி தூங்குகிற பூனை மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. அவள் பந்தயத்தைப் போட்டாள். கார் முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, மூன்றாவதில் பிரேக்கை லேசாகத் தொட்டு, ஒடித்து, வழுக்கிக்கொண்டு போய் முதலாவதாக வந்து நின்றது.

"பின்னாடி யாரோ துண்டை வெச்சிருந்தாங்கப்பா. எடுத்துட்டு, உள்ளே இருந்த ஃபேனைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால துடைச்சேன். அம்மா சொன்னாங்க" என்றாள் மகள்.

பெண்டாட்டி தாளில் எழுதினாள். சத்தம், இல்லை. சூடு, இல்லை. நேரமாவது, இல்லை. நிற்பது, இல்லை. "கடையில இதைவிட நல்லது இருக்கா? இருக்கு. அதுக்கு மட்டும் 'ஆமா'. நியாயமா எழுதணும் பாருங்க" என்றாள்.

லிப்டுக்காரருக்கு மணி ஞாபகம் வந்தது. நாலு அடிக்கப் போகிறது. நியாயம் போனால் போகட்டும், சீட்டு இருக்கிறது, முதலில் பெட்டியை எடுத்து வந்துவிடலாம், அப்புறம் காலில் விழுந்துகொள்ளலாம். ஓடிப்போய் வேலைச் சட்டையின் பையைத் துழாவினார். துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டிருந்தது. பையில் ஒன்றும் இல்லை.

வாசலில் மணி அடித்தது. பெரிய சாமான் கடை ஆட்கள் இரண்டு பேர், ஒரு புத்தம் புது வாஷிங் மெஷினை மூச்சு வாங்க இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பையைப் பார்க்காம நான் எந்தச் சட்டையைத் துவைச்சிருக்கேன்? செவ்வாய்க்கிழமையே சீட்டு கிடைச்சுது. புதன்கிழமை போய் மாத்தி எழுதிட்டு வந்தேன். முன்பணம் அப்படியே இதுக்குச் சரி" என்றாள் அவள்.

"புதன்கிழமையா? அப்ப இன்னும் சோதனையே நடக்கலையே! நான் 'இல்லை'ன்னு எழுதியிருந்தா?"

"நீங்களா?" அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "சோதனைத் தாள்ல உங்களுக்குப் பொய் எழுத வருமாங்க?"

அவருக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்து, பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று வருஷத்தில் ஆறாவது வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை மெல்ல எட்டிப் பார்த்தது.

அதுவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேராகப் போய் அவருடைய கறுப்புப் பையைத் திறந்தாள். பச்சை ஸ்டிக்கர் ஒன்றை உருவினாள். காலியாக இருந்த இடத்தில், 'இன்னும் பதினைந்து வருஷம் நன்றாக ஓடும்' என்று எழுதினாள். பெட்டியின் நெற்றியில் ஒட்டி, ஓரம் பிய்ந்து வராதபடி கட்டை விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டாள். கீழே அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.